மருந்து, சோறு, சாமி: கொங்கு நாட்டுச் செடிகொடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயத்துக்குக் கிழக்கே எங்கள் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலியோரமாகச் செடி பார்த்துக்கொண்டு நடப்போம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். திருப்பூர், கோவைப் பக்கமிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களும் உண்டு. நம் ஊர்ச் செடிகளை நாம் எப்படிப் புழங்குகிறோம், அதே செடிகளை வேறு நாட்டார் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பேச்சு போகும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டில் என்னென்ன செடி சேர்க்கிறோம்?

பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை. இந்த மூன்றும் அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு மேல் ஊருக்கு ஊர் மாறும். மாவிலை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். தும்பை, நாயுருவி, பிரண்டை சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் மூன்றோடு சரி.

மார்கழி கடைசி நாள், வெயில் தாழ்ந்ததும் பறிக்கக் கிளம்புவோம். பூளை சரளை மண்ணிலும் வரப்போரத்திலும் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். இலைக்கு இலை இடுக்கில் பஞ்சைக் கிள்ளி ஒட்டினதுபோல வெள்ளைப் பூ. கையால் இழுத்தால் வேரோடு வந்துவிடும். அதனால் எங்கள் ஆத்தா கருக்கரிவாளைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவார். "அடுத்த வருசத்துக்கு வேர் இருக்கோணும் கண்ணு" என்பார். பறித்து வந்ததைத் திண்ணையில் பரப்பி, மூன்றையும் ஒரு கைக்கு அடங்குகிற அளவில் சேர்த்துப் பனைநாரால் கட்டுவோம். முதல் கொத்து வீட்டு எறவாரத்துக்கு. அப்புறம் கட்டுத்தரை, கிணற்றடி, களம், காட்டின் சனி மூலை என்று போகும். ஓட்டுவீடு போய் மாடிவீடு வந்த பிறகு எறவாரம் இல்லை. அதனால் கேட்டிலும், மோட்டார் ரூம் கதவிலும், டிராக்டரிலும் கட்டுகிறோம்.

மூன்றுமே மருந்துச் செடிகள்தான். பூளைக்குச் சிறுபீளை என்று பெயர் உண்டு. நீர்க்கடுப்பு, கல்லடைப்புக்குச் சித்த மருத்துவத்தில் கொடுப்பார்கள். ஆவாரை பற்றி "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்ற பழமொழி எல்லாருக்கும் தெரியும். ஆவாரம்பட்டை அந்தக் காலத்தில் தோல் பதனிடவும் போனது. வேம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் காப்புக்கட்டு ஒரு கிருமிநாசினியா? "முன்னோர் சொன்ன அறிவியல்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

இல்லை. எறவாரத்தில் தொங்கும் ஒரு கொத்து, வீட்டுக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லாது. அப்படிச் சொல்லித்தான் ஒரு சடங்குக்கு மதிப்புத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காப்புக்கட்டு செய்கிற வேலை வேறு. வருசத்தில் ஒரு நாளாவது பிள்ளைகள் காட்டுக்குள் இறங்கி, பூளை எது, அதேபோல வெள்ளையாகப் பூக்கும் வேறு களை எது என்று பிரித்துப் பார்த்துப் பறிக்கிறார்கள். எந்த மண்ணில் அது வளரும், எந்த மாதம் பூக்கும் என்பது கால் வழியாகவே மனதில் ஏறிவிடும். வீட்டில் யாருக்காவது நீர்க்கடுப்பு வந்து வைத்தியர் சிறுபீளை கேட்டால், ஓடிப்போய்ப் பறித்து வர ஆள் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் நோம்பிதான் பாடப்புத்தகம். பொங்கல் முடிந்து பெண்பிள்ளைகள் ஆவாரம்பூ பறிக்கப் போய்க் கும்மியடித்துத் திரும்பும் பூப்பறிக்கிற நோம்பியும் இந்த வகைதான். அது பல ஊர்களில் நின்றுபோனது எனக்குப் பெரிய வருத்தம்.

வீட்டு வாசலில் செடி கட்டுவது நம்மிடம் மட்டும்தானா?

சீனாவில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், படகுப் போட்டி நடக்கும் பண்டிகையன்று, வாசலில் மாசிப்பத்திரி இனச் செடியையும் வசம்பு இலையையும் கட்டித் தொங்கவிடுவார்கள். வசம்பு இலை நீளமாகக் கத்திபோல் இருக்கும். கெட்டதை வெட்டும் வாள் என்று அவர்களுக்கு நம்பிக்கை. ஜப்பானிலும் மே 5 அன்று இதே வழக்கம். அந்த இலைகளைப் போட்ட வெந்நீரில் குளிக்கவும் செய்வார்கள். வெயிலும் ஈரமும் சேர்ந்து நோய் கிளம்பும் பருவம் அங்கே அது. நமக்கு மார்கழிப் பனி விலகித் தை பிறக்கும் சமயம். பருவம் மாறுகிற இடத்தில் வாசலில் ஒரு செடியைக் காவல் வைக்கத் தோன்றியிருக்கிறது இரண்டு பேருக்கும்.

அந்த வசம்பு நம் வீட்டிலும் உண்டு. இரவில் பேர் சொல்லக் கூடாது என்று "பேர் சொல்லாதது" என்போம், "பிள்ளை வளர்ப்பான்" என்றும் பெயர். கைக்குழந்தைக்கு வசம்பு வளையல் போடுவோம். விளக்கில் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவதும் வழக்கம். வட அமெரிக்காவின் கிரீ போன்ற பழங்குடிகள் இதே இனக் கிழங்கைத் தொண்டைக் கட்டுக்கும் இருமலுக்கும் மென்றார்கள். இரண்டு கண்டத்தில் ஒரே இனத்துக் கிழங்கு.

ஒன்று சொல்லிவிட வேண்டும். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. அது கெடுதல் என்று அமெரிக்க அரசு 1968இலேயே உணவில் வசம்பு சேர்க்கத் தடை போட்டது. பச்சைக் குழந்தை நாக்கில் தடவ வேண்டாம். கையில் வளையலாக இருக்கட்டும். அதையும் வாயில் வைத்துச் சப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொடுமுடியில் இருக்கும் வன்னி மரத்துக்கு ஏன் அவ்வளவு பெருமை?

கொடுமுடி மகுடேசுவரர் கோயிலில் வன்னிதான் தலமரம். அதன் அடியில் மூன்று முகத்தோடு பிரம்மா இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குக் காவடி எடுக்கிறவர்கள் கொடுமுடியில் காவிரித் தண்ணீரை மொண்டு, அதில் வன்னி இலையைப் போட்டு எடுத்துப் போவார்கள். இலை கிடந்தால் தீர்த்தம் கெடாது என்பது நம்பிக்கை. சின்ன வயதில் அப்பாரோடு தீர்த்தம் எடுக்கப் போனபோது அந்த இலையைக் கையில் வைத்துப் பார்த்தது நினைவிருக்கிறது. புளிய இலையைவிடச் சின்னதாக, சாம்பல் பூத்த பச்சை. இவ்வளவு பெரிய பெயருக்கு இவ்வளவு சின்ன இலையா என்று இருந்தது.

இந்த மரம் வறண்ட நாட்டு மரம். வேர் மிக ஆழத்துக்குப் போகும், மழை பொய்த்தாலும் பசுமையாக நிற்கும். அதனால் வறண்ட பூமி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இதைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ராஜஸ்தானில் இதற்கு கேஜ்ரி என்று பெயர். அங்கே ஆடுமாடுகளுக்குத் தழை, மனிதருக்கு நெற்று. பிஞ்சு நெற்றைக் காயவைத்து சாங்கிரி என்று குழம்பு வைப்பார்கள், கல்யாண விருந்தில் அது இல்லாமல் இருக்காது. 1730இல் ஜோத்பூர் அரசரின் ஆட்கள் கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த அமிர்தா தேவி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உயிரை விட்டார். அவரைத் தொடர்ந்து ஊர் ஊராக ஆட்கள் வந்து மரத்தை அணைத்து நின்றார்கள். மொத்தம் 363 பேர் இறந்தார்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் இதுதான் தேசிய மரம். அங்கே காஃப் என்கிறார்கள். தெலங்கானாவுக்கும் இது மாநில மரம்.

நமக்கு வன்னி நெற்றைத் தின்னத் தெரியாது. ராஜஸ்தான்காரர்களுக்குக் காவிரித் தீர்த்தம் தெரியாது. மரம் ஒன்றுதான்.

இதன் சித்தப்பா பிள்ளை முறையில் ஒரு மரம் நம் ஊர் முழுக்க நிற்கிறது, சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நாம் அதைப் பொக்லைன் வைத்துப் பிடுங்குகிறோம். பெரு நாட்டில் அந்த இன மரத்தின் நெற்றைக் காய்ச்சிப் பாகு எடுத்துப் பானத்தில் கலக்கிறார்கள். வட அமெரிக்கப் பாலைவனப் பழங்குடிகள் மாவாக்கித் தின்றார்கள். ஊருக்கு ஒரு கதை.

வேலிக் கிளுவையிலும் மருந்து உண்டா?

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு என்று மேய்ச்சல் நிலம் வைத்திருப்போம். கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. காங்கேயம் மாடு இந்தப் புல்லில்தான் வளர்ந்தது. கிளுவைக் கொம்பை ஒடித்து நட்டால் போதும், பிடித்துக்கொள்ளும். ஒடித்த இடத்தை முகர்ந்து பாருங்கள், சாம்பிராணிபோல ஒரு வாசம் வரும்.

அந்த வாசம் சும்மா வரவில்லை. எகிப்தியர்கள் பிணத்தைப் பதப்படுத்தப் பயன்படுத்தியதும், ஏசு பிறந்தபோது ஞானிகள் காணிக்கையாகக் கொண்டுவந்ததுமான வெள்ளைப்போளம் இதே இனத்து மரத்தின் பிசின்தான். ஆயுர்வேதக்காரர்கள் சொல்லும் குக்குலுவும் இதே குடும்பம். சோமாலியாவிலும் எத்தியோப்பியாவிலும் பிசினுக்காகப் போற்றுகிறார்கள், நாம் ஆடு உள்ளே வராமலிருக்க வைத்திருக்கிறோம். இப்போது கம்பிவேலி வந்து கிளுவை போய்க்கொண்டிருக்கிறது. வேலி போனால் அதில் படர்ந்த கோவை, பிரண்டை, வேலிப்பருத்தி, குறிஞ்சான், முடக்கத்தான் எல்லாமும் சேர்ந்து போகும்.

மாரியம்மன் கோயிலில் கம்பம் நடுகிறோமே, அது என்ன மரம்?

மூன்று கவடு உள்ள கிளை. பெரும்பாலும் வேம்பு, சில ஊர்களில் பால் வடியும் மரம். பூச்சாட்டு முடிந்து கம்பம் நட்டதும் பெண்கள் தினமும் மஞ்சள் கலந்த தண்ணீர் ஊற்றுவார்கள். ராத்திரியில் பறை முழங்க இளவட்டங்கள் சுற்றி ஆடுவார்கள். திருவிழா முடிந்ததும் பிடுங்கி ஆற்றில் விடுவார்கள். ஈரோட்டிலும் கரூரிலும் அந்தக் கடைசி நாள் கூட்டம் பார்க்க வேண்டியது. சுவீடனிலும் கோடை நடுவில் ஒரு கம்பத்துக்கு இலையும் பூவும் சுற்றி நட்டு, அதைச் சுற்றி ஆடுவார்கள்.

நாம் நாட்டுச் செடி என்று நினைப்பதில் எதெல்லாம் வெளியிலிருந்து வந்தவை?

மிளகாய், தக்காளி, பப்பாளி, கொய்யா, நிலக்கடலை, செண்டுமல்லி. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, போர்த்துகீசியர் வந்த காலத்துக்குப் பிறகு வந்தவை. மிளகாய் வருவதற்கு முன்னால் காரத்துக்கு மிளகுதான். பெயரிலேயே மிளகு இருக்கிறது பாருங்கள். கண்ணுப் பட்டதுக்குச் சுற்றிப்போடும் வரமிளகாய்கூட வெளியிலிருந்து வந்த பொருள்தான்.

செண்டுமல்லி சத்தியமங்கலம் பக்கம் ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள். ஆயுத பூசைக்கு லாரி, பஸ், தறி எல்லாவற்றிலும் இந்த மாலைதான். இதிலிருந்து எடுக்கும் சாயத்தைக் கோழித் தீவனத்தில் சேர்த்தால் முட்டையின் மஞ்சள் கரு நல்ல நிறம் பிடிக்கும். மெக்சிகோதான் இதன் பிறந்த ஊர். அங்கே நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். செண்டுமல்லி இதழைப் பிய்த்து, வாசலிலிருந்து படையல் வரைக்கும் பாதைபோல் தூவுவார்கள். அந்த வாசத்தையும் நிறத்தையும் பிடித்துக்கொண்டு செத்துப்போனவர்கள் வீடு வந்து சேருவார்கள் என்று நம்பிக்கை. இதைச் சொன்னபோது எங்களோடு நடந்த ஒரு பாட்டி, அமாவாசைக்குப் படைக்கிற நமக்கு இது புரியாதா என்றார்.

குச்சிக்கிழங்கு பற்றி விரிவாகச் சொல்லுங்கள். அதில் விஷம் இருக்கிறதா?

இருக்கிறது. மரவள்ளி என்று வெளியூர்க்காரர் சொல்லும் நம் குச்சிக்கிழங்கின் இலை, தோல், கிழங்கு எல்லாவற்றிலும் சயனைடு விடும் பொருள் இருக்கும். இனிப்பு ரகத்தில் கொஞ்சம், கசப்பு ரகத்தில் அதிகம். சேலம், நாமக்கல் பக்கம் கிழங்குக் காட்டில் புகுந்து இலை தின்ற ஆடுமாடுகள் சாவது புதிதல்ல.

இதன் தாயகம் தென் அமெரிக்கா. அமேசான் காட்டு மக்கள் கசப்பு ரகத்தைத்தான் விரும்பி வளர்த்தார்கள், பூச்சியும் பன்றியும் தொடாது என்பதால். விஷத்தை எடுக்க அவர்களுக்கு வழி தெரியும். கிழங்கைத் துருவுவார்கள். திப்பிதி என்று ஓலையில் பின்னிய ஒரு நீளக் குழாயில் அதைத் திணித்துத் தொங்கவிடுவார்கள். கீழ்முனையில் பாரம் கொடுத்து இழுக்க இழுக்கக் குழாய் ஒடுங்கும், சாறு பிதுங்கி வடியும். சக்கையை வறுத்து மாவாக்குவார்கள். வடிந்த சாறு கொடிய விஷம். அதையும் கொட்டமாட்டார்கள், மணிக்கணக்காகக் கொதிக்கவைத்துக் குழம்பாக்கி மீனோடு தின்பார்கள்.

கிழங்கு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது குச்சி போனது, பக்குவம் எல்லா இடத்துக்கும் போகவில்லை. பஞ்ச காலத்தில் சரியாக ஊறவைக்காமல், காயவைக்காமல் கசப்புக் கிழங்கையே தின்று கால் விளங்காமல் போன கிராமங்கள் காங்கோவிலும் மொசாம்பிக்கிலும் உண்டு. அந்த நோய்க்குக் கொன்சோ என்று பெயர்.

நம் பக்கம் இது ஜவ்வரிசி ஆனது. உண்மையான ஜவ்வரிசி மலேயா பக்கத்துச் சேகோ பனையின் தண்டிலிருந்து எடுப்பது. இரண்டாம் உலகப் போரில் அந்த வரத்து நின்றபோது சேலத்தில் குச்சிக்கிழங்கு மாவில் செய்துபார்த்தார்கள், பிடித்துக்கொண்டது. ஆலையில் கிழங்கைத் தோல் நீக்கி, அரைத்து, தண்ணீரில் அலசி, மாவைப் படியவைத்து, உருட்டி, வறுத்து, காயவைக்கிறார்கள். அலசுவதும் வறுப்பதும்தான் திப்பிதியின் வேலையை இங்கே செய்கிறது. இந்த ஜவ்வரிசி மராட்டிய வீடுகளில் விரத நாள் கிச்சடியாகிறது. அரிசி, கோதுமை தொடக்கூடாத நாளில் அமேசான் கிழங்கு சாமிக்கு ஏற்ற உணவாகிவிட்டது.

வீட்டில் வேகவைக்கும்போது தோலையும் உள்தோலையும் நன்றாக உரித்து, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கிற கிழங்கைத் துப்பிவிடுங்கள்.

ஒரே செடி ஓரிடத்தில் சாமிக்கு, இன்னோரிடத்தில் சட்டிக்கு என்று இருக்கிறதா?

துளசி. நமக்குத் தீர்த்தம், தாய்லாந்தில் கறி வறுவல். அவர்கள் கப்ராவ் என்று வாணலியில் கைப்பிடி கைப்பிடியாகப் போடுவது இதே துளசிதான். பிரண்டையை நாம் துவையல் அரைப்போம். தாய்லாந்தில் அது மூலத்துக்கு மாத்திரை. மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் காடுகாடாக நிற்கும் முருங்கையைப் பிலிப்பைன்ஸில் மலுங்காய் என்கிறார்கள். காதுக்கு நம் முருங்கைக்காய் மாதிரியே கேட்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கோழிச்சாறில் அந்த இலையைப் போட்டுக் கொடுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்) வைத்ததும் முருங்கைக்கீரைதான், பூண்டு தட்டிப்போட்டு.

வெற்றிலை பாக்கு?

கல்யாணத்தை உறுதிசெய்ய உப்புச் சர்க்கரை மாற்றுவதிலிருந்து எழவு வரை நமக்கு வெற்றிலை இல்லாமல் காரியம் இல்லை. பரமத்தி வேலூர் வெற்றிலைக்கு அவ்வளவு பெயர். வியட்நாமிலும் கல்யாணப் பேச்சு வெற்றிலை பாக்கில்தான் தொடங்கும். ஆனால் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. புகையிலை சேராவிட்டாலும் அப்படித்தான். தட்டில் வைத்துக் கொடுங்கள், மெல்லாதீர்கள்.

கண்வலிக்கிழங்குதான் செங்காந்தளா? அதைச் சாப்பிட்டால் மூட்டுவலி போகுமா?

ஆமாம், அதேதான். சாப்பிட்டால் உயிர் போகும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சங்க காலத்தில் முருகன் தலையில் சூடிய பூ. இன்று தமிழ்நாட்டின் மாநில மலர், ஜிம்பாப்வேக்கும் தேசிய மலர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் விதைக்காகப் பயிர் செய்கிறோம். ஆடியில் கிழங்கை ஊன்றுவோம். இலை நுனியே சுருண்டு கொடியைப் பிடித்து ஏற்றும். பூ விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாள் போகப் போகச் சிவந்து நெருப்பாகும். இதன் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு ஒரேயடியாகப் பக்கவாட்டில் மடங்கி நிற்கும், தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் விடிகாலையில் பெண்கள் வரிசை வரிசையாகப் போய், ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் நுனியில் தொட்டுவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு பூவுக்கு ஒரு தொடுதல். காடு முழுக்க இப்படி.

விதையில் கோல்கிசின் இருக்கிறது. கௌட் என்ற மூட்டு வீக்கத்துக்கு இன்றும் டாக்டர்கள் கொடுக்கும் மருந்து. ஐரோப்பாவில் இதை வேறொரு கிழங்குச் செடியிலிருந்து எடுத்தார்கள்; 6ஆம் நூற்றாண்டிலேயே பைசாந்திய மருத்துவர் ஒருவர் மூட்டு வீக்கத்துக்கு அதை எழுதிவைத்திருக்கிறார். 1820இல் பிரான்சின் பெல்லத்தியே, காவந்து இருவரும் கோல்கிசினைப் பிரித்தெடுத்தார்கள். மாத்திரையில் அது அரை மில்லிகிராம்தான் இருக்கும். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையில் இடைவெளி அவ்வளவு குறைவு.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர், முழங்கால் வலிக்கு யாரோ சொன்னதைக் கேட்டு விதையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார். அன்றிரவே வாந்தியும் பேதியும். பத்து நாளுக்கு மேல் ஆஸ்பத்திரி. பிழைத்தார், ஆனால் வீடு திரும்பிய பிறகு தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டிவிட்டது. அவர் வாழ்நாள் முழுக்க விவசாயம் பார்த்தவர், இந்தச் செடியைத் தினமும் தொட்டவர். செடி தெரிவது வேறு, மருந்து தெரிவது வேறு. கிழங்கு சர்க்கரைவள்ளி மாதிரி இருக்கும் என்பதால் விதைக்கிழங்கைச் சமையலறைப் பக்கம் வைக்கவே வைக்காதீர்கள்.

இயற்கை மருந்துக்குப் பக்கவிளைவு இல்லை என்கிறார்களே?

அரளி விதையும் இயற்கைதான்.

பழைய வைத்தியத்திலிருந்து இன்றைய மருந்து வந்ததற்கு நல்ல உதாரணம்?

மலேரியா. வால்பாறைக்குப் பக்கத்தில் சின்கோனா என்று ஓர் ஊரே இருக்கிறது. ஆண்டிஸ் மலைக்காரர்கள் குளிர் நடுக்கத்துக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் பட்டை அது. 17ஆம் நூற்றாண்டில் ஏசுசபைப் பாதிரிகள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1820இல் அதிலிருந்து குயினைனைப் பிரித்ததும் மேலே சொன்ன அதே இரண்டு பேர். 1860களில் வெள்ளைக்காரர்கள் மரத்தையே நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்டார்கள், பிறகு ஆனைமலையிலும்.

இன்னொன்று சீன விஞ்ஞானி தூ யூயூ கண்டது. காய்ச்சலுக்குச் சொல்லப்பட்ட ஒரு செடியைக் கொதிக்கவைத்து எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. 4ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய குறிப்பைத் திரும்பப் படித்தார். அதில் கொதிக்கவை என்று இல்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று இருந்தது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று பிடிபட்டது. சூடு குறைத்து எடுத்தார், ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது. 2015இல் நோபல் பரிசு. அதனால்தான் ஆத்தா, அமுச்சி சொல்வதைக் குறிக்கும்போது செடியின் பெயரோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். இடித்தார்களா, ஊறவைத்தார்களா, காலையிலா, எந்த மாதத்து இலை என்று எல்லாவற்றையும் எழுதுங்கள்.

மஞ்சளுக்கு அமெரிக்கா காப்புரிமை வாங்கியது உண்மையா?

உண்மை. காயத்துக்கு மஞ்சள்பொடி வைப்பதற்கு 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம், இது எங்கள் வீட்டில் எப்போதும் செய்வது என்று பழைய நூல்களைக் காட்டி வழக்காடியது. 1997இல் ரத்தானது. வேப்பெண்ணெய் தொடர்பாக ஐரோப்பாவில் 1994இல் கொடுத்த காப்புரிமையும் 2000இல் ரத்தாகி, மேல்முறையீட்டிலும் 2005இல் தோற்றது. எழுதி வைத்ததால் ஜெயித்தோம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மஞ்சளைக் கொண்டாடுவதில் நமக்குத் துணை பசிபிக் தீவுக்காரர்கள். படகில் கிழங்கைக் கொண்டுபோய்த் தீவு தீவாக நட்டவர்கள் அவர்கள். திக்கோபியா தீவில் மஞ்சள் எடுப்பதே ஒரு விரதம் போல நடக்கும்; சடங்குகளில் உடம்பில் பூசுவார்கள்.

மலைவாழ் மக்களின் மருந்தறிவை நாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமா?

கேட்கலாம், கேட்கிற முறையில். ஆனைமலையில் காடர், மலசர், முதுவர், கோவை மேற்கில் இருளர், சத்தியமங்கலம் மலையில் சோளகர், ஊராளி என்று நம்மைச் சுற்றி அந்த அறிவு இருக்கிறது. கடுக்காய், நெல்லி, சீயக்காய், தேன் என்று நம் வீட்டுக்கு வருவதில் பாதி அவர்கள் கைபட்டு வருவது. அவர்களிடம் ஓர் இலையைக் கேட்டு வாங்கி, வீடியோ எடுத்து, டப்பாவில் அடைத்து விற்கும் கூட்டம் பெருகியிருக்கிறது. இது எனக்கு மனசு ஆறாத விஷயம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுடைய மரபறிவின்மேல் அவர்களுக்குச் சமூக உரிமை உண்டு என்று சொல்கிறது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். அதில் உங்கள் ஊர்க்காரர் சொன்னது இருக்கிறதா என்று பாருங்கள்.

செடி அறிந்துகொள்ள எங்கே தொடங்குவது?

கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்மண்டல மையமும் கோவையில்தான், வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில்; தென்னிந்தியச் செடிகளை உலர்த்திப் பாதுகாக்கும் பெரிய சேமிப்பு அங்கே உண்டு.

ஆனால் நான் முதலில் அனுப்புவது கீரை பறிக்க. ஐப்பசி மழை பெய்து நாலைந்து நாள் கழித்துக் காட்டுக்குள் இறங்கினால் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை, சுக்குட்டிக்கீரை எல்லாம் தானாக முளைத்துக் கிடக்கும். மணத்தக்காளி என்று கடையில் வாங்குகிறீர்களே, அதுதான் நம் சுக்குட்டி. அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்ணைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர் கை எதைத் தொடுகிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். தாண்டிப் போன செடியைக் காட்டி ஏனுங்க இது வேண்டாமா என்று கேளுங்கள். எங்கள் அமுச்சியிடம் அப்படிக் கேட்டு நான் தெரிந்துகொண்ட முதல் செடி ஊமத்தை. அன்றைக்குக் கீரையைக் கடைந்து, சோளச்சோற்றில் போட்டுக் கொடுத்தார்.